பழைய மெஸ்ஸோடின்ட் உருவப்படங்கள் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17, 18-ஆம் நூற்றாண்டுகளில், பெரும்பாலும் லண்டனில், செப்புத்தகட்டிலிருந்து அச்சிடப்பட்ட உருவப்படங்களைப் பற்றிய பக்கம் இது. புதிதாக வாங்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். சொல்ல நிறைய இருக்கும் இடத்தில் பதில் நீளமாகவே இருக்கும்.

மெஸ்ஸோடின்ட் மற்ற செப்புத்தகட்டுப் படங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வழக்கமான செதுக்கு வேலையில் தகடு வழவழப்பாக இருக்கும். அதில் கோடு கோடாகக் கீறி, கீறலில் மை நிரப்பி அச்சிடுவார்கள். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பை நோக்கிப் போகும் வேலை அது.

மெஸ்ஸோடின்ட் இதற்கு நேர் எதிர். ராக்கர் என்று ஒரு கருவி உண்டு. அகலமான எஃகுப் பட்டை, வளைந்த விளிம்பு முழுக்க நுண்ணிய பற்கள், மேலே கைப்பிடி. அதைச் செப்பின் மேல் அழுத்தி, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நகர்த்தினால் ஒவ்வொரு பல்லும் ஒரு குழி போடும். குழியின் விளிம்பில் துளியூண்டு செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று பல திசைகளில் ஆட்டி, தகட்டில் ஒரு இடம் விடாமல் சொரசொரப்பாக்குவார்கள். பெரிய தகட்டுக்கு இந்த முன்வேலை மட்டுமே பல நாள் பிடிக்கும். அந்த நிலையில் மை பூசி அச்சிட்டால் தாள் முழுக்க ஒரே கறுப்பு.

படம் அதற்கு அப்புறம்தான் வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் செதுக்குநர் சுரண்டியால் பிசிறைச் சீவி எடுப்பார். கொஞ்சம் சீவினால் சாம்பல் நிறம், நிறையச் சீவினால் வெளிர்சாம்பல், மழுங்கிய எஃகுக் கருவியால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் மை ஒட்டாது, வெள்ளை. நெற்றியும் மூக்குநுனியும் சட்டையின் சரிகையும் இப்படித்தான் இருட்டிலிருந்து வெளியே வருகின்றன. கோடே இல்லாமல் நிழல் மெல்ல மெல்ல மாறுவதால், எண்ணெய் ஓவியத்தை அச்சில் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான வழி அந்தக் காலத்தில் இருக்கவில்லை.

யார் கண்டுபிடித்தார்கள்?

லுட்விக் ஃபான் சீகன் என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி. 1642-இல் ஹெஸ்ஸெ-காசெல் நாட்டை ஆண்ட அமேலியா எலிசபெத்தின் உருவப்படத்தை இந்த முறையில் செய்தார். முதல் மெஸ்ஸோடின்டே ஒரு உருவப்படம்! ஆனால் அவர் தகடு முழுவதையும் கறுப்பாக்கவில்லை. நிழல் வேண்டிய இடத்தில் மட்டும் பல் உருளையால் புள்ளியிட்டார். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் சகோதரி மகன், இளவரசர் ரூபர்ட். 1658-இல் அவர் செய்த ‘மரணதண்டனை நிறைவேற்றுபவர்’ (தி கிரேட் எக்ஸிகியூஷனர்) இன்றும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கும் படம். ஆம்ஸ்டர்டாமில் வாலராண்ட் வையான் இதை முழுநேரத் தொழிலாக்கினார். இங்கிலாந்தில் செய்யப்பட்டதில் தேதி உள்ள முதல் படம், வில்லியம் ஷெர்வின் 1669-இல் செய்த இரண்டாம் சார்லஸின் உருவம்.

இங்கிலாந்தில் மட்டும் ஏன் இவ்வளவு பெருகியது?

அங்கே ஓவியருக்குக் கிடைத்த வேலையில் பெரும்பகுதி உருவப்படம்தான். பிரபுவின் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரே ஒரு ஓவியத்தை ஊரே பார்க்க வேண்டுமென்றால் அச்சிட வேண்டும். ஓவியர் காட்ஃப்ரி நெல்லர் தன் ஓவியங்களுக்குச் செதுக்குநர் ஜான் ஸ்மித்தைப் பயன்படுத்திக்கொண்டார். ஜோஷுவா ரெனால்ட்ஸ் காலத்தில் இந்தக் கூட்டு உச்சிக்குப் போனது. அயர்லாந்திலிருந்து லண்டன் வந்த ஜேம்ஸ் மக்கார்டெல், எட்வர்ட் ஃபிஷர், ஜேம்ஸ் வாட்சன், இவர்களோடு வாலன்டைன் கிரீன், ஜான் ரஃபேல் ஸ்மித், வில்லியம் டிக்கின்சன் என்று ஒரு தலைமுறையே ரெனால்ட்ஸின் ஓவியங்களைத் தகட்டில் ஏற்றியது. ரெனால்ட்ஸ் பயன்படுத்திய சில சாயங்கள் நிற்கவில்லை. அவர் வரைந்த பல முகங்கள் அவர் உயிரோடிருக்கும்போதே வெளிறத் தொடங்கின. அந்த ஓவியங்கள் முதலில் எப்படி இருந்தன என்று தெரிய மெஸ்ஸோடின்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் படங்கள் மேல் இவ்வளவு பற்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆங்கில முறை’ என்றே அழைத்தார்கள்.

ஒரே படம், ஒரே செதுக்குநர். ஒரு பிரதி மலிவு, இன்னொன்று பத்து மடங்கு விலை. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கறுப்பைத் தருவது அந்தச் செப்புப் பிசிறு. செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறையும் மை பூசி, துணியால் துடைத்து, உருளை அச்சில் கனமான அழுத்தத்தில் ஓட்டும்போது பிசிறு கொஞ்சம் படுத்துவிடும். நல்ல பிரதிகள் என்று ஒரு தகட்டிலிருந்து ஏறக்குறைய நூறு எடுக்கலாம் என்று அந்தக் காலத்தவர்களே கணக்கு வைத்திருந்தார்கள். கோட்டுச் செதுக்கில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். இங்கே அது நடக்காது. நூறைத் தாண்டியும் வியாபாரிகள் அச்சிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அப்படித் தேய்ந்த தகட்டிலிருந்து வந்தவைதான்.

ரெனால்ட்ஸ் பாணியில் ஒரு கனவானின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கறுப்புக் கோட்டு, பின்னால் இருண்ட திரை. முற்காலப் பிரதியில் கோட்டின் கறுப்பு வேறு, திரையின் கறுப்பு வேறு. கோட்டுக்குள்ளேயே மடிப்பு தெரியும், பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், கைக்கு அடியில் விழும் நிழல் தனியாகத் தெரியும். கறுப்பு, வெல்வெட் துணி மாதிரி வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிற்காலப் பிரதியில் கோட்டும் திரையும் ஒரே சாம்பல் பரப்பாகிவிடும். பொத்தான்கள் அதில் மூழ்கிப்போகும். ராக்கர் ஓடிய திசைகள் கோடு கோடாக, துணியின் நெசவு போல மேலே தெரிய ஆரம்பிக்கும். முகத்தில் கன்னத்துக்கும் தாடைக்கும் நடுவே இருந்த மெல்லிய நிழல் காணாமல் போய் முகம் தட்டையாகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தகட்டிலிருந்து வரும் முதல் சில பிரதிகள் சில சமயம் அளவுக்கு மீறிக் கறுத்து, கடுமையாக இருக்கும். அதனால் ‘எவ்வளவு கறுப்போ அவ்வளவு நல்லது’ என்பதும் சரியல்ல. கறுப்புக்குள் எத்தனை வேறுபாடு தெரிகிறது என்று பாருங்கள்.

தேய்ந்த தகட்டை மறுபடி ராக்கரால் ஓட்டிப் புதுப்பிப்பதும் உண்டு. அப்படிச் செய்த இடம் சுற்றுப்புறத்தோடு ஒட்டாமல் திட்டாகத் தெரியும். பெரும்பாலும் உடையிலும் பின்புலத்திலும். முகத்தில் கை வைத்திருந்தால் மோசம். மூல செதுக்குநரின் கை அங்கே போய்விட்டது என்று அர்த்தம்.

புகழ்பெற்றவரின் தேய்ந்த படத்தை விட, பெயர் தெரியாத பாதிரியாரின் அருமையான பிரதி எத்தனையோ மேல். படத்தில் இருப்பவர் யார் என்பதைப் பார்த்து மட்டும் வாங்குபவர்கள் இந்தக் கலையையே பார்க்காமல் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

‘ஸ்டேட்’ என்கிறார்களே, அது என்ன?

தகட்டில் வேண்டுமென்றே செய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய ஸ்டேட், அதாவது நிலை. எழுத்தே இல்லாத நிலை, ஊசியால் மெல்லக் கீறிய எழுத்து உள்ள நிலை, முழு எழுத்தும் பொறித்த நிலை, பதிப்பாளர் முகவரி மாறிய நிலை என்று வரிசையாகப் போகும். எழுத்துக்கு முந்தைய பிரதிகள் முற்காலத்தவை என்பதால் விலை கூடும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்பிக் கேட்பது தெரிந்ததும், பதிப்பாளர்கள் ‘எழுத்துக்கு முந்தைய’ பிரதிகளைத் தாராளமாகவே அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். ஆகவே நிலையின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டாம் நிலையின் முதல் பிரதி, முதல் நிலையின் கடைசிப் பிரதிக்குக் கிட்டத்தட்டச் சமம்.

சில சமயம் மாற்றம் எழுத்தோடு நிற்காது, தலையையே மாற்றிவிடுவார்கள். ஆட்சி மாறியதும் பழைய தகட்டில் முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதியவரின் முகத்தை வைப்பது வழக்கமான வியாபாரம். இதில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் மெஸ்ஸோடின்ட் அல்ல, கோட்டுச் செதுக்கு: பியர் லொம்பார்ட்டின் குதிரைவீரர் தகட்டில் கிராம்வெல் தலையும் முதலாம் சார்லஸ் தலையும் மாறி மாறி வந்தன, இடையே தலையே இல்லாத ஒரு நிலைகூட இருக்கிறது.

படத்தின் கீழே உள்ள எழுத்துகளை எப்படிப் படிப்பது?

இடது பக்கம் பொதுவாக ஓவியர் பெயர், கூடவே ‘பிங்ஸிட்’ அல்லது அதன் சுருக்கம்: இவர் வரைந்தார். வலது பக்கம் செதுக்குநர் பெயர், கூடவே ‘ஃபெசிட்’ அல்லது ‘ஸ்கல்ப்சிட்’: இவர் தகட்டில் செய்தார். ‘எக்ஸ்குடிட்’ என்று இருந்தால் அவர் பதிப்பாளர். ஜான் ஸ்மித் மாதிரி சிலர் செதுக்குநராகவும் பதிப்பாளராகவும் இருந்ததால் ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு சொல்லும் வரும்.

கடைசி வரியில் பதிப்பாளர் முகவரியும் தேதியும். வில்லியம் ஹோகார்த் முன்னின்று வாங்கித் தந்த 1735 சட்டம் அச்சுப்படங்களுக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. அதற்குத் தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் இருக்க வேண்டும். 1767 முதல் அந்த உரிமை 28 ஆண்டானது. அதனால்தான் 1735-க்குப் பிந்தைய படங்களில் நாள், மாதம், ஆண்டு எல்லாம் துல்லியமாக இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் தேதியே இருக்காது.

முகவரிதான் துப்புக் கொடுக்கும் இடம். 1760-களில்தான் லண்டன் வீடுகளுக்கு எண் வந்தது. அதற்கு முன் ‘கார்ன்ஹில்லில் கறுப்புக் குதிரை’ என்பது போல கடைப் பலகையின் சின்னத்தைச் சொல்வார்கள். சின்னம் அழிக்கப்பட்டு எண் வந்திருந்தால் தகடு பழையது, பிரதி புதியது. செயின்ட் பால்ஸ் சர்ச்யார்ட் 69-இல் கடை வைத்திருந்த காரிங்டன் பவுல்ஸ் 1793-இல் இறந்த பிறகு அந்தக் கடை ‘பவுல்ஸ் அண்ட் கார்வர்’ ஆனது. ஃபிளீட் தெரு 53-இல் இருந்த ராபர்ட் சேயரின் வியாபாரம் 1794-இல் ‘லாரி அண்ட் விட்டில்’ கைக்குப் போனது. இந்த இரண்டு பெயர்களில் ஒன்றோடு 1750-ஆம் ஆண்டு முகம் ஒன்று வந்தால், அது எவ்வளவு தேய்ந்த தகடு என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் தகட்டில் உள்ள தேதி அச்சிட்ட தேதி இல்லையா?

இல்லை. தகடு முதலில் வெளியான தேதி. அதே தேதியோடு ஐம்பது ஆண்டு கழித்தும் அச்சிடலாம், அச்சிட்டிருக்கிறார்கள்.

அசல் மெஸ்ஸோடின்டா, பிற்கால நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இந்தச் சேகரிப்பில் இறங்க வேண்டாம். நடுச்சாம்பல் பகுதியில், உதாரணமாகக் கன்னத்தின் நிழல் பக்கத்தில், லென்ஸை வைத்துப் பாருங்கள். ராக்கரின் பற்கள் போட்ட சின்னச் சின்னத் தடங்கள் வரிசை வரிசையாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும். படத்தின் ஓரங்களிலும், சுரண்டி சரியாகப் படாத மூலைகளிலும் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஃபோட்டோகிராவியூரில், அதாவது 1879-இல் கார்ல் கிளீச் செம்மைப்படுத்திய புகைப்பட முறையில், பிசின் தூளின் ஒழுங்கற்ற மணல்மணி தெரியும், வரிசை இருக்காது. அதிலும் செப்புத்தகடு உண்டு, தகட்டின் விளிம்பு தாளில் அழுத்திய தடமும் (தகட்டுத் தடம்) விழும். ஆகவே தடம் இருப்பதால் மட்டும் அசல் என்று முடிவு கட்ட முடியாது. சாதாரணப் புத்தக அச்சாக இருந்தால் ஒரே இடைவெளியில் வட்டப் புள்ளிகள். கண்டுபிடிக்க ஒரு நொடி போதும்.

அடுத்து தாளைச் சாய்த்து, பக்கவாட்டில் விளக்கு பிடித்துப் பாருங்கள். அசலில் அடர்ந்த கறுப்பு தாளின் மேல் கொஞ்சம் எழும்பி நிற்கும். மை தாளுக்குள் ஊறியது போல் இல்லாமல் மேலே உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காலத்துத் திருட்டுப் பதிப்புகளும் உண்டு. ரெனால்ட்ஸ் வரைந்த கிட்டி ஃபிஷர் என்ற பிரபல அழகியின் படத்தை 1759-க்குப் பிறகு ஆளாளுக்குத் தகட்டில் போட்டார்கள். அச்சுப்படத்தைப் பார்த்து நேராகத் தகட்டில் போட்டால் அச்சில் இடவலம் மாறிவிடும். மேலங்கியின் பொத்தான் எந்தப் பக்கம், வாள் எந்த இடுப்பில் என்று பார்த்தால் சில சமயம் குட்டு உடைந்துவிடும். இவையும் அசல் மெஸ்ஸோடின்ட்தான், ஆனால் வேறு கையின் வேலை.

தாளைப் பார்த்துக் காலம் சொல்ல முடியுமா?

ஓரளவு. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான கம்பிக்கோடுகள் தெரிந்தால் அது லெய்ட் தாள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை அச்சுப்படங்களுக்கு அதுதான். கோடே தெரியாத வோவ் தாள் இங்கிலாந்தில் 1757-இல் புத்தகத்தில் வந்துவிட்டது என்றாலும் அச்சுப்படங்களில் பரவலானது 1790-களில். ஆக, 1760 தேதியிட்ட படம் வோவ் தாளில் இருந்தால் பிற்காலப் பிரதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1794-க்குப் பிறகு ஆங்கிலத் தாள்களில் நீர்க்குறியோடு ஆண்டையும் போடும் வழக்கம் வந்தது. வாட்மன் என்ற தாள் தயாரிப்பாளரின் பெயரும் கூடவே ஒரு ஆண்டும் தெரிந்தால், படம் அந்த ஆண்டுக்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது. உங்களுக்குக் கிடைக்கும் ஆதாரங்களிலேயே உறுதியானது இது.

ஓரம் வெட்டிய படத்தை வாங்கலாமா?

வாங்கலாம். மெஸ்ஸோடின்டின் முதல் நூறு ஆண்டுப் படங்களில் ஓரம் வெட்டாததைக் காண்பதே அபூர்வம். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் தகட்டுத் தடம் வரை, சில சமயம் அதற்கும் உள்ளே வெட்டி ஆல்பத்தில் ஒட்டினார்கள். 1769-இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் இங்கிலாந்தின் வாழ்க்கை வரலாறுகளை உருவப்படங்களின் வரிசையில் தொகுத்து வெளியிட்டதும், புத்தகத்தைப் பிரித்து அதில் படங்களைச் சேர்த்துக் கட்டும் ஆசை பெருகியது. அதற்காக எத்தனையோ நல்ல படங்கள் கத்தரிக்கு இரையாயின. மறுபக்கம், முகங்கள் இவ்வளவு பத்திரமாகச் சேர்த்து வைக்கப்பட்டதற்கும் அதுதான் காரணம்.

என் வரிசை இது: முதலில் பிரதியின் தரம், அடுத்து படத்தின் பரப்பு முழுசாக இருக்கிறதா, அடுத்து கீழே எழுத்துப் பட்டை இருக்கிறதா, கடைசியில் வெள்ளை ஓரம். எழுத்துப் பட்டையை வெட்டியிருந்தால் நிலையை உறுதி செய்ய முடியாது. விலை கணிசமாக இறங்க வேண்டும். விற்பவர் ‘எழுத்துக்கு முந்தைய நிலை’ என்று சொன்னால், பட்டை காலியாக இருக்கிறதா அல்லது பட்டையே இல்லையா என்று பாருங்கள்.

வண்ணப் படங்கள்?

மூன்று வகை. ஒன்று, கறுப்பில் அச்சிட்டுக் கையால் வண்ணம் பூசியது. இரண்டாவது, ஒரே தகட்டில் வெவ்வேறு இடத்துக்கு வெவ்வேறு வண்ண மையைத் துணிப்பொட்டலத்தால் தடவி ஒரே ஓட்டத்தில் அச்சிட்டது. மூன்றாவது, ஒரு நிறத்துக்கு ஒரு தகடு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ பிளோன் நீலம், மஞ்சள், சிவப்பு என்று தனித்தனி மெஸ்ஸோடின்ட் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். இன்றைய வண்ண அச்சின் அடிப்படையே அதுதான். லண்டனில் அவர் தொடங்கிய நிறுவனம் நொடித்துப்போனது.

சந்தையில் அதிகம் வருவது இவை எதுவும் அல்ல. 1900-ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் பழைய ஓவியங்களைப் பார்த்துப் புதிதாகச் செய்த வண்ண மெஸ்ஸோடின்ட்கள்தான். கீழே செதுக்குநரின் பென்சில் கையெழுத்தும், தாளில் மையில்லாமல் அழுத்திய ஒரு முத்திரையும் இருக்கும். கைவேலை நேர்த்தியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அவை 18-ஆம் நூற்றாண்டுப் படங்கள் அல்ல, அந்த விலைக்கு வாங்கக் கூடாது.

எஃகுத் தகடு என்று எழுதியிருந்தால் ஒதுக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். 1820-களில் தாமஸ் லப்டன் போன்றவர்கள் செம்புக்குப் பதில் மென்மையாக்கிய எஃகைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரு தகட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் பிரதி எடுக்க முடிந்தது. கறுப்பு கொஞ்சம் வறண்டு, சாம்பல் கொஞ்சம் குளிர்ந்து இருக்கும். ஆனால் தாமஸ் லாரன்ஸின் ஓவியங்களை வைத்து சாமுவேல் கசின்ஸ் செய்த முகங்களைப் பாருங்கள். செம்பின் ஆழம் இல்லாவிட்டாலும் நுணுக்கத்தில் குறையே சொல்ல முடியாது. விலையும் கைக்கு எட்டும்.

என்னென்ன சேதங்களைக் கவனிக்க வேண்டும்?

கறுப்புப் பரப்பில் உரசல். மெஸ்ஸோடின்டுக்கே உரிய நோய் இது. மேலே இன்னொரு தாள் உராய்ந்தாலே பளபளப்பான தடமோ வெளிறிய கீறலோ விழுந்துவிடும். இதை மறைக்கக் கறுப்பு மையையோ சாயத்தையோ தூரிகையால் தொட்டு வைப்பார்கள். நேரே பார்த்தால் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மங்கலாகவோ மினுங்கலாகவோ தெரியும். படத்தின் முன்பக்கத்தைப் பார்த்து முடித்ததும் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிழிசலுக்கு ஒட்டு, மெலிந்த இடம், பழைய கோந்து, முழுத் தாளையும் இன்னொரு தாளில் ஒட்டியது எல்லாம் பின்பக்கம்தான் தெரியும். இணையத்தில் வாங்கினால் பின்பக்கப் படமும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படமும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பின்பக்கத்தில் சின்னதாக எழுத்தோ முத்திரையோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். பழைய சேகரிப்பாளரின் அடையாளமாக இருக்கலாம். ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921 முதல் தொகுத்த அட்டவணையில் இவற்றுக்கு எண் உண்டு. இப்போது இணையத்திலேயே தேடலாம்.

பழுப்புப் புள்ளிகளை வீட்டில் கழுவி எடுக்கலாமா?

கூடாது. தண்ணீரும் பிளீச்சும் பட்டால் தாளின் உயிரே போய்விடும். தாள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். அவர் ‘இதை இப்படியே விட்டுவிடுங்கள்’ என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது? சட்டம் போட்டு மாட்டலாமா?

அமிலமில்லாத பருத்தி அட்டையில் ஜன்னல் வெட்டிய மவுண்ட், மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் பட்டையும் கோதுமை மாவுப் பசையும். செலோடேப், ஃபெவிகால் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. மவுண்டின் தடிமன் கண்ணாடியைப் படத்திலிருந்து தள்ளி வைக்கும். கறுப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது உரிந்து வரும். அலமாரியில் அடுக்கினால் இரண்டு படங்களுக்கு நடுவே வழவழப்பான அமிலமில்லாத மெல்லிய தாள் வையுங்கள். எடுக்கும்போது இழுக்காமல் தூக்குங்கள்.

மாட்டலாம், வெயில் படாத சுவரில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோடு. அருங்காட்சியகங்கள் தாள் பொருட்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே வைக்கின்றன, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். நீங்களும் மாற்றி மாற்றி மாட்டுங்கள். ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கமில்லாமல் இருப்பது நல்லது.

எதைச் சேகரிப்பது என்று எப்படி முடிவு செய்வது?

செதுக்குநர் வழியாகப் போவதையே பரிந்துரைப்பேன். ஒருவரின் பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அவர் கை தெரிந்துவிடும். மக்கார்டெல் நிழலை எப்படி மெத்தென்று விடுகிறார், ஜான் ரஃபேல் ஸ்மித் பட்டுத் துணியில் வெளிச்சத்தை எப்படித் தெறிக்க விடுகிறார் என்பதெல்லாம் ஒரு படத்தை மட்டும் பார்த்தால் பிடிபடாது.

பொருள் வழியாகப் போகிறவர்களுக்கும் நல்ல வழிகள் இருக்கின்றன. நடிகர்கள் என்றால் எட்வர்ட் ஃபிஷரின் 1762 படம்: துன்பியலும் இன்பியலும் இரண்டு பெண்களாக நின்று டேவிட் கேரிக்கை ஆளுக்கொரு பக்கம் இழுப்பது. எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் என்றால் நெல்லர் வரைந்த கிட்-கேட் கிளப் உறுப்பினர்களை இளைய ஜான் ஃபேபர் செய்து 1735-இல் முடித்த தொகுப்பு. இதில் தனித்தனிப் படங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. தூர தேசத்திலிருந்து லண்டன் வந்தவர்கள் என்றால், 1710-இல் ராணி ஆனைச் சந்தித்த நான்கு அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களை ஜான் சைமன் செய்த நான்கு படங்களும், பசிபிக் தீவிலிருந்து வந்த ஓமாயை 1780-இல் யாக்கோபே செய்ததும் தவிர்க்க முடியாதவை, ஆனால் விலை அதிகம். அமெரிக்கா என்றால், லண்டனில் தொழில் கற்றுக்கொண்டு பாஸ்டனுக்குப் போன பீட்டர் பெல்ஹாம் 1728-இல் வெளியிட்ட காட்டன் மாதர் என்ற பாதிரியாரின் உருவம்தான் அந்த மண்ணின் முதல் மெஸ்ஸோடின்ட்.

விலை எப்படி?

1900-களின் தொடக்கத்தில் ரெனால்ட்ஸ் வரைந்த அழகிகளின் மெஸ்ஸோடின்ட்கள் ஏலத்தில் ஆயிரம் கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம்) வரை போயின. 1930-களுக்குப் பிறகு அந்தச் சந்தை சரிந்தது, பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. இன்று தேய்ந்த, பெயர் தெரியாதவர்களின் படங்கள் சில பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கும். நல்ல முற்காலப் பிரதிகள் நூறுகளில். புகழ்பெற்ற படத்தின் அருமையான பிரதி ஆயிரங்களில். இவ்வளவு தரமான 18-ஆம் நூற்றாண்டுக் கலையை இந்த விலைக்கு வேறெந்தத் துறையிலும் வாங்க முடியாது என்று தைரியமாகச் சொல்வேன்.

வியாபாரிகள் ‘சி.எஸ். 75’ என்று எழுதுவது என்ன?

ஜான் சலோனர் ஸ்மித்தின் பட்டியல் எண். அயர்லாந்து ரயில்வே பொறியாளரான அவர் பிரிட்டிஷ் மெஸ்ஸோடின்ட் உருவப்படங்களைச் செதுக்குநர் வாரியாக, நிலை வாரியாகப் பட்டியலிட்டு 1878 முதல் 1883 வரை வெளியிட்டார். 1926-இல் சார்ல்ஸ் ரஸல் அதில் விடுபட்ட நிலைகளைச் சேர்த்தார். வாங்கும் முன் அந்த எண்ணை வைத்து நிலையைச் சரிபார்க்கலாம். ‘சலோனர் ஸ்மித்தில் இல்லாதது’ என்று ஒரு விளம்பரம் சொன்னால் உற்சாகப்படும் முன் ரஸலையும் பாருங்கள்.

கண்ணாடியில் ஒட்டிய மெஸ்ஸோடின்ட் என்று ஒன்று கிடைத்திருக்கிறது. அது நல்லதா?

அது தனி வகை. படத்தைக் கண்ணாடியின் பின்பக்கம் முகம் பதிய ஒட்டி, தாளை நனைத்துத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். மை மட்டும் கண்ணாடியில் நிற்கும். அதன் பின்னால் எண்ணெய் வண்ணம் பூசினால் முன்பக்கத்திலிருந்து பார்க்க ஓவியம் மாதிரி இருக்கும். 18-ஆம் நூற்றாண்டு வீடுகளில் பிரியமான அலங்காரம். அச்சுப்படமாக மதிப்பிட முடியாது, ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தோடு இருந்தால் நல்ல பொருள்தான். எக்காரணம் கொண்டும் சட்டத்திலிருந்து கழற்றாதீர்கள். மை, கண்ணாடியைவிட்டு உரியத் தயாராக இருக்கும்.

நல்ல பிரதிகளை நேரில் எங்கே பார்க்கலாம்?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்படப் பிரிவு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் பெட்டிகளை மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள். கிறிஸ்டோஃபர் லெனாக்ஸ்-பாய்டு சேர்த்த மெஸ்ஸோடின்ட் தொகுப்பும் 2010-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, நியூ ஹேவனில் உள்ள யேல் பிரிட்டிஷ் கலை மையம், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் ஆகியவற்றிலும் பெரிய சேகரிப்புகள் உள்ளன. இவை எல்லாவற்றின் இணையப் பட்டியலிலும் செதுக்குநர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஒரே படத்தின் பல நிலைகளை அடுத்தடுத்துத் திறந்து வைத்து எழுத்துப் பட்டைகளை ஒப்பிடலாம். திரையில் நிலை தெரியும், கறுப்பு தெரியாது. அதனால் முதல் படத்தை வாங்கும் முன் ஒரு முறையாவது இப்படி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே தகட்டின் முற்காலப் பிரதியையும் பிற்காலப் பிரதியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். லென்ஸை எடுத்துப்போக மறக்காதீர்கள். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்.